கமலா டீச்சரும் மூன்றில் ஒரு பங்கும்

கமலா டீச்சருக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது. கணக்குச் சொல் நிற்கும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவில் ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்துவிடுவார். ஒருத்தி ஈவு. ஒருவன் வகுபடும் எண். கடைசி வரிசையில் காரணியும் மடங்கும் ஒட்டி உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பிரிவில் யாரும் 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லக் கூடாது. தன் சொல்லைச் சொல்லி, அதற்குப் பொருளையும் ஒரு வரியில் சொல்லி உட்கார வேண்டும். "ஈவு, டீச்சர். வகுத்தா வர்ற விடை." "மீதி, டீச்சர். வகுத்த பிறகு மிஞ்சுறது." முப்பத்தெட்டுப் பேர் இப்படிச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். கணக்குப் பாடத்துக்கு அது கடவுள் வாழ்த்து மாதிரி.

ஒரு வருடம் 'தகா பின்னம்' என்ற சொல்லை வாங்கிய பையனின் அப்பா, ஷிப்ட் முடிந்த கையோடு தலையில் ஹெல்மெட்டுடன் பள்ளிக்கு வந்து, "எம் புள்ள எந்த விதத்துல டீச்சர் தகாதவன்?" என்று கேட்டார். கமலா அவரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். மேலே உள்ள தொகுதி, கீழே உள்ள பகுதியைவிடப் பெரிதாக இருந்தால் தகா பின்னம். இதில் குடும்ப கௌரவம் எதுவும் இல்லை என்று விளக்கினார். மூன்று உதாரணம் எழுத வைத்துத்தான் வெளியே விட்டார்.

இருபத்து மூன்று வருடமாக இப்படிச் சொல் வாங்கிப் போனவர்கள் நெய்வேலி டவுன்ஷிப் முழுக்க இருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் மீசை வைத்த கிரேன் ஆபரேட்டர் ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார். கமலா அவரை உற்றுப் பார்த்து, "நீ தொண்ணூத்தெட்டு மீதிதானே?" என்பார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். "ஆமாங்க டீச்சர், மீதிதான்" என்று அந்தப் பெரிய உடம்பு நெளியும்.

அருப்புக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்தவர் கமலா. கணவர் பரமசிவம் மைன்ஸில் கன்வேயர் பிரிவு, பெர்மனென்ட். ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே பள்ளி, ஒரே பிரிவு என்று வாழ்க்கை ஒரு மாதிரி வாய்ப்பாடாக ஓடிக்கொண்டிருந்தது. 2014 ஜூனில் 'ஆ' பிரிவுக்கு எழில்மதி வந்தார்.

எழில்மதிக்கு இருபத்தேழு வயது. கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அந்த ஊர்ப் பேச்சையே வகுப்பிலும் பேசுவார். அதில் கமலாவுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறையெல்லாம் சத்தத்தில்தான். 'அ' பிரிவுக்கும் 'ஆ' பிரிவுக்கும் நடுவில் சுவர் கிடையாது; மூங்கில் தட்டி. அந்தத் தட்டி வழியாக எழில்மதியின் வகுப்பிலிருந்து கணக்கு நேரத்தில் சிரிப்புச் சத்தம் வந்தது. கமலாவின் அனுபவத்தில் கணக்கு நேரத்தில் பிள்ளைகள் சிரித்தால், டீச்சர் வெளியே போயிருக்கிறார் என்று பொருள். இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இரண்டு முறையும் டீச்சர் உள்ளேதான் இருந்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. 'ஆ' பிரிவுப் பிள்ளைகள் மணியடிப்பதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். எழில்மதியின் கரும்பலகையை அழிக்க நான்கு பேர் சண்டை போடுகிறார்கள். மதியச் சாப்பாட்டின்போது தன் பிரிவின் காரணியும் மடங்கும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மடங்கு போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். காரணி போனதுதான் கஷ்டமாக இருந்தது.

பொறாமை என்று சொன்னால் கமலா ஒப்புக்கொள்ள மாட்டார். "எனக்கென்னங்க பொறாமை? சின்னப் பொண்ணு, பேரு கெட்டுடக் கூடாதேன்னு பாக்குறேன்" என்பார். பள்ளியில் எல்லோரும் எழில்மதியை 'எழிலு' என்று கூப்பிட, இவர் மட்டும் 'எழில்மதி டீச்சர்' என்று முழுப் பெயரையும் சொல்லி 'நீங்க' போடுவார். நெய்வேலியில் ஒருவரை எட்ட நிறுத்த இதைவிட மரியாதையான வழி கிடையாது.

அக்டோபரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலூரில் மாவட்ட அளவில் மாதிரிக் கணக்கு வகுப்பு. தலைப்பு, பின்னங்கள். பள்ளிக்கு ஓர் ஆசிரியர், பன்னிரண்டு பிள்ளைகள். ஆசிரியருக்கு வயது ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடப்பது இது. போன முறை கமலாவின் பிரிவில் பாதிப் பேருக்கு அம்மை போட்டுப் போக முடியவில்லை. அதற்கு முந்தைய முறை சுற்றறிக்கையே தேதி கடந்து வந்தது. கமலாவுக்கு ஜனவரியில் ஐம்பது முடிகிறது. அதாவது, இப்போது விட்டால் கிடையாது. தன் சொற்களை இந்தப் பள்ளிக் கூரைக்கு வெளியே யாராவது ஒருமுறை கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருபது வருட ஆசை.

தலைமையாசிரியர் சோமசுந்தரம் யாருக்கும் கெட்டவராக விரும்பாதவர். "வெள்ளிக்கிழமை ரெண்டு கிளாஸையும் பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். சீனியாரிட்டி என்ற சொல் அவர் வாயில் வரும் என்று கமலா காத்திருந்தார். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை கமலா தன் வகுப்புக்குப் பத்துக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தட்டிப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் எழில்மதியின் குரல். "ஒரு நாளு, அது முழுசு. அதுல ஃபர்ஸ்ட் ஷிப்டு எவ்ளோ?"

"மூணுல ஒண்ணு," என்றது வகுப்பு.

"ஃபர்ஸ்டும் செகண்டும் சேந்தா?"

"மூணுல ரெண்டு."

"நைட்டும் சேந்தா?"

"முழுசு டீச்சர்."

"அப்ப அர நாளு எத்தினி ஷிப்டு?"

ஒரு பெண் குரல்: "ஒண்ணர." உடனே எல்லோரும் சிரித்தார்கள். புரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு. கமலாவுக்கு அது தெரியும். கேட்டதில்லையே தவிர, தெரியும்.

இருபத்து மூன்று வருடமாக அவர் வட்டம் போட்டுத்தான் பின்னம் நடத்துகிறார். பாதி வரும், கால் வரும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் வராது. வட்டத்தை மூன்றாகப் பிரிக்கும்போது ஒரு துண்டு பெரிதாகிவிடும், பிள்ளைகள் அந்தப் பெரிய துண்டு யாருக்கு என்று கேட்பார்கள். இந்த ஊரில் பிறந்த குழந்தை, பால் புட்டியை விடுவதற்கு முன்பே அப்பாவுக்கு எந்த ஷிப்ட் என்று கற்றுக்கொள்கிறது. எட்டு, எட்டு, எட்டு என்று மூன்றாக வெட்டி வைத்த நாள் ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. அதை எடுத்துக் கரும்பலகையில் வைக்க, நேற்று வந்த ஒருத்தி வரவேண்டியிருந்தது.

அன்று மூன்று மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்த பரமசிவம் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கமலாவும் பள்ளியிலிருந்து ஒரு மணி நேரம் முன்கூட்டியே வந்துவிட்டார். தலைவலி என்று சொல்லியிருந்தார். வந்தவர் ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருந்த ஷிப்ட் அட்டவணைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"என்ன அப்படிப் பாக்குற?" என்றார் பரமசிவம்.

"இருபத்தாறு வருஷமா ஷிப்டுக்குப் போறீங்க. ஒரு தடவையாவது, நாளுல மூணுல ஒரு பங்கு வேலைக்குப் போறேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"கடலூர் போயிருப்பேன்."

"கடலூருக்கு அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கே" என்றார் பரமசிவம், மோரை ஊற்றிக்கொண்டே.

புதன், வியாழன் இரண்டு நாளும் 'அ' பிரிவில் ஷிப்ட் பாடம் நடந்தது, தணிந்த குரலில். கரும்பலகையில் ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்று. மூன்றுக்கும் பகுதி ஒரே எண்தான், ஆகவே ஓரின பின்னங்கள். தொகுதி சிறியது, ஆகவே தகு பின்னங்கள். சொற்கள் எல்லாம் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தன. வியாழனன்று 'ஒண்ணர ஷிப்டு' என்று ஒருவன் சொன்னதும் 'அ' பிரிவும் சிரித்தது. கமலாவுக்குப் பழக்கமில்லாததால் "சைலன்ஸ்" என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சோமசுந்தரம் முதலில் 'அ' பிரிவுக்கு வந்தார். கேள்வி கேட்டார். பிள்ளைகள் பட்டென்று பதில் சொன்னார்கள், சொல்லோடும் பொருளோடும். அவர் முகம் மலர்ந்தது. "அருமையா இருக்கே. இது உங்க யோசனையா டீச்சர்?"

கமலா ஒரு விநாடி தட்டியைப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போறவர்தானே சார். அதான்."

பொய் என்று இதில் ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. தட்டிக்கு அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் சத்தம் மட்டும் நின்றது.

அப்போது முன் வரிசையில் அஸ்வின் எழுந்தான். அவன் அப்பாவுக்கு ஆபீஸ் வேலை. "சார், எங்கப்பாவுக்கு ஜெனரல் ஷிப்ட். அது எத்தனாவது பங்கு?"

"அதுவும் எட்டு மணி நேரந்தானே," என்றார் கமலா. "அதுவும் மூணுல ஒண்ணுதான். உக்காரு."

சோமசுந்தரம் கணக்கு படித்தவர். பலகையில் இருந்த மூன்றோடு நான்காவதையும் எழுதிக் கூட்டினார். "மூணுல நாலு வருதே டீச்சர். அப்ப ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு மணி நேரமா?"

தொகுதி பெரிது, பகுதி சிறிது. அந்த வருடத்துத் தகா பின்னமான சிறுமி, பலகையில் மூன்றில் நாலைப் பார்த்ததும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து நின்று பொருள் சொன்னாள். யாரும் பாராட்டவில்லை.

அடுத்து அன்புச்செல்வன். அவன் அப்பா கம்பெனி கல்யாண மண்டபத்தில் காண்ட்ராக்ட் செக்யூரிட்டி. "சார், எங்கப்பாவுக்கு ரெண்டே ஷிப்டுதான். டே, நைட். பன்னண்டு மணி நேரம். அப்ப ஷிப்டுன்னா பாதிதான சார்?"

"மூணுல ஒண்ணுடா, போர்டுல இருக்கு பாரு," என்றது பின்வரிசை.

"அது உங்கப்பாவுக்கு. எங்கப்பாவுக்குப் பாதி."

"உங்கப்பா காண்ட்ராக்ட்டு. அதெல்லாம் கணக்குல வராது."

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது, சமபாகங்களாக அல்ல. பெர்மனென்ட் பிள்ளைகள் மூன்றில் ஒன்று என்றார்கள். காண்ட்ராக்ட் பிள்ளைகள் பாதி என்றார்கள். அஸ்வின் மட்டும் தன் அப்பாவை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நின்றான். இந்தச் சண்டை டவுன்ஷிப்பில் பெரியவர்களுக்கு நடுவே எத்தனையோ வருடமாக நடப்பதுதான். ஐந்தாம் வகுப்புக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. கமலாவிடம் தகு பின்னம், தகா பின்னம், கலப்பு பின்னம் என்று எல்லாச் சொல்லும் இருந்தன. இந்தக் கேள்விக்கான சொல் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

"சரி டீச்சர், நல்லாத்தான் போச்சு" என்றார் சோமசுந்தரம். அவர் அகராதியில் இதைவிட மோசமான வாக்கியம் இல்லை.

அடுத்து 'ஆ' பிரிவு. கமலா நாற்காலியை நகர்த்தக்கூட இல்லை, அங்கேயே நின்று கேட்டார். எழில்மதியின் பலகையில் காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை வரிசையாக இருபத்து நான்கு பெட்டிகள். பெட்டிக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு பிள்ளையும் வந்து, தன் வீட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு எத்தனை பெட்டி என்று நிரப்பியது. ஷிப்டுக்கு எட்டுப் பெட்டி, அது மூன்றில் ஒன்று. ஜெனரல் ஷிப்டுக்கும் எட்டுதான். அதை அடியில் தனி வரிசையாகப் போட்டார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் மற்றவர்களும் வேலையில் இருக்கிறார்கள். செக்யூரிட்டிக்குப் பன்னிரண்டு, பாதி. காலையில் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி கூட்டப் போகும் அம்மாவுக்கு நான்கு பெட்டி, ஆறில் ஒன்று. "எத்தினி பொட்டின்னு எண்ணிக்கினு அப்புறம் சொல்லு. ஷிப்டுன்ற பேர வச்சிக்கினு சொல்லாத" என்றார் எழில்மதி.

பெட்டி என்ற சொல் செவ்வாய்க்கிழமையும் கமலாவின் காதில் விழுந்திருந்தது. தட்டி சத்தத்தை விடும், படத்தை விடாது. எழில்மதியின் பாடத்தில் பாதியைத்தான் அவர் எடுத்து வந்திருந்தார். அதுவும் பிள்ளைகள் கோரஸாகக் கத்திய பாதி.

கடைசியில் சோமசுந்தரம் கேட்டார். "மூணுல ஒண்ணுன்னு எழுதுறோம். மேல இருக்கிற எண்ணுக்குப் பேர் என்ன?"

"மேல் நம்பரு சார்," என்றான் ஒருவன்.

"கீழ இருக்கிறது?"

"கீழ் நம்பரு."

இளவேனில் என்ற பெண் திருத்தினாள். "இல்ல சார், மேல இருக்கறது தல. கீழ இருக்கறது காலு."

தட்டிக்கு இந்தப் பக்கம் கமலா அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார். சத்தம் வராமல்.

சாயங்காலம் தலைமையாசிரியர் அறையில் முடிவு வந்தது. கடலூருக்கு எழில்மதி. "ஆனா ஒண்ணு," என்றார் சோமசுந்தரம், மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே. "அந்தப் புள்ளைங்களுக்குப் புரியுது, சொல்லத் தெரியல. ஆபீசர் முன்னாடி தல காலுன்னு சொன்னா மானம் போயிரும். கமலா டீச்சர், பத்து நாள் அந்தப் பன்னண்டு பேருக்கும் நீங்க சொற்களை எடுத்துக் குடுத்துருங்க. உங்க புள்ளைங்களுக்குச் சொல்லத் தெரியுது..." என்று தொடங்கியவர், அந்த வாக்கியத்தின் மறுபாதியை நல்ல மனிதராக இருந்ததால் விட்டுவிட்டார்.

கமலா தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். அன்றைக்கு எந்த மீதி எழுந்து இடம் கொடுத்தது என்று அவர் பார்க்கவில்லை. தன்னை ஓரங்கட்டியவளின் பிள்ளைகளைத் தானே தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டும். மாட்டேன் என்று சொல்லலாம். அல்லது தலைவலி தொடரலாம். அல்லது, இந்த மூன்றாவது யோசனை வரும்போது பஸ் முதல் ஸ்டாப்பைக்கூடத் தாண்டவில்லை, தொகுதியையும் பகுதியையும் இடம் மாற்றிச் சொல்லிக் கொடுத்துவிடலாம். மேலே இருப்பது பகுதி, கீழே இருப்பது தொகுதி. பன்னிரண்டு பேரும் கடலூரில் மேடையேறி, கணீரென்று, ஒரே குரலில், தப்பாகச் சொல்வார்கள். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டது.

திங்கட்கிழமை கமலா 'ஆ' பிரிவில் அந்தப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்றார். இளவேனில் கேட்டாள்: "டீச்சர், மேல இருக்கறதுக்கு என்னா பேருங்க?"

கமலா வாயைத் திறந்தார். பகுதி என்று சொல்ல வேண்டும். மூன்று எழுத்து. வரவில்லை. "தொகுதி" என்றார். இருபத்து மூன்று வருடமாக ஒரே தடத்தில் ஓடிய நாக்கு. திடீரென்று திருப்பினால் திரும்புமா? இதை நல்ல மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல மனசுதான் என்று யாராவது அடம்பிடித்தால், அதற்கும் மறுப்பு இல்லை.

தப்பாகச் சொல்ல முடியாது என்று ஆன பிறகு ஒரே வழிதான் இருந்தது. பார்க்கிறவன் யாராக இருந்தாலும், இது கமலா டீச்சர் கை என்று தெரிகிற அளவுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவது. பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சொல் கொடுத்தார். இளவேனிலுக்குத் தொகுதி. அவர் இழுக்கிற இடத்தில் இழுத்து, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, "சமபாகங்கள்" என்பதற்கு முன்னால் அவர் விடுகிற சின்ன மூச்சைக்கூட விட்டு, பத்தாவது நாள் பன்னிரண்டு கமலாக்கள் தயாராக இருந்தார்கள். எழில்மதி ஓரமாக நின்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நவம்பரில் கடலூர் போய்த் திரும்பிய மறுநாள் எழில்மதி ஆசிரியர் அறைக்கு வந்து கமலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நல்லா போச்சுங்க டீச்சர்."

"கூட்டம் எவ்வளவு?"

"நூத்தம்பது பேரு இருப்பாங்க."

"மைக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்களே."

மைக் வேறு. கமலா டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"அந்த ஆபீசரு அசந்துட்டாருங்க டீச்சர். அஞ்சாங் கிளாஸ் புள்ளைங்க இவ்ளோ சுத்தமா வார்த்த சொல்லுதே, யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங் கிளாஸ் புள்ளைங்கதான் சார், அதான்னு சொன்னேன்."

கமலா எழில்மதியைத் திரும்பிப் பார்த்தார். "அதெப்படிச் சொல்லலாம்? பத்து நாள் தொண்டை கட்டினது நான்."

"அன்னிக்கு ஹெச்.எம். சாரு கேட்டப்ப நீங்க என்னாங்க சொன்னீங்க?" எழில்மதியின் குரலில் கோபம் இல்லை, இட்லிக்குச் சட்னி போதுமா என்று கேட்கிற தொனி. "வூட்டுக்காரர் ஷிப்டுக்குப் போறவரு, அதான்னு சொன்னீங்க. தட்டி ரெண்டு பக்கமும் கேக்குங்க டீச்சர். நீங்க நாக்காலிய இழுத்துப் போட்டதுகூடக் கேட்டுச்சு."

கமலா டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தினார்.

"பெரிய கேடிடி நீ," என்றார் கமலா. ஆறு மாதத்தில் முதல்முறையாக 'நீங்க' போன இடம் தெரியவில்லை.

"பக்கத்து கிளாஸ்ல இருந்து கத்துக்கினதுதாங்க."

"போட்டோ எடுத்தாங்களா?"

எழில்மதி செல்போனைக் காட்டினார். கமலா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், மேடைக்குப் பின்னால் இருந்த பேனரைப் பார்த்தார். வயிறு எரிந்தது, அது நின்றுவிட்டதாக யாராவது எழுதினால் பொய். ஆனால் இதுவரை தனியாக எரிந்துகொண்டிருந்தது. இப்போது அந்தப் பக்கமும் கொஞ்சம் புகைகிறது என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

"புடவை நல்லாயில்ல," என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த பாடம் பரப்பளவு. திங்கட்கிழமை காலை பத்தரைக்கு இரண்டு பிரிவுக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் பாடவேளை. கமலா பாடத்தைத் தொடங்கவில்லை. அந்தப் பக்கம் முதலில் தொடங்கட்டும் என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எழில்மதியும் தொடங்கவில்லை. இரண்டு வகுப்புகளுக்கும் வாய்ப்பாடு எழுதும் வேலை கொடுக்கப்பட்டது, வாயைத் திறக்காமல். பத்து நிமிடம் போனது. எழுபத்து மூன்று பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டதால், என்னவோ ஏதோ என்று சோமசுந்தரம் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார்.